பாலத்தின் வேரில் சிவப்பு

ஆகஸ்ட் 16, சனி

இன்று மதியம் அலுமினியம் பிழியும் பிரஸ்ஸில் விபத்து. பிரஸ் ஓட்டும் மாகாளிக்கு வலது கை முழங்கை வரை வெந்துவிட்டது. கழுத்திலும் கொஞ்சம். கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்கிறார்கள்.

நான் என் அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. பிரஸ்ஸின் இரைச்சல் சட்டென்று நின்றது, அவ்வளவுதான். டப்பாவை அப்படியே வைத்துவிட்டு ஓடினேன். மாகாளி தரையில் உட்கார்ந்திருந்தான். யாரோ தண்ணீர்க் குழாயை அவன் கைமேல் பிடித்திருந்தார்கள். அவனுக்குப் பின்னால் அலுமினியச் சட்டம், நேராக வந்திருக்க வேண்டியது, பாதியில் மடங்கி மேசைக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அவன் கத்தவில்லை. பிரஸ்ஸை நிறுத்திவிட்டார்களா என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டான்.

டிசைன் பிரிவிலிருந்து என் வீட்டுக்காரரும் ஓடி வந்தார். மாகாளியின் பக்கம் போகவில்லை. பிரஸ்ஸின் வாயையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்கு வந்ததும் குளித்துவிட்டுப் படுத்துக்கொண்டார். சாப்பாடு வேண்டாம் என்றார். ரசத்தை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இட்லிக்கு மாவு அரைத்தேன். பெட்ஷீட்டுகளைத் துவைத்தேன். ஓவியா திருச்சி விடுதியிலிருந்து போன் செய்தாள். அப்பா ஏன் போனை எடுப்பதில்லை என்று கேட்டாள். தூங்குகிறார் என்றேன். அவர் மொட்டை மாடியில் இருந்தார்.

விபத்து எப்படி நடந்தது என்று மகளுக்கு விளக்க வேண்டியதாயிற்று. முறுக்குப் பிழிவது போலத்தான் என்றேன். சூடேற்றிய அலுமினியக் கட்டியைப் பிரஸ் பின்னாலிருந்து தள்ளும். முன்னால் ஒரு எஃகு அச்சு இருக்கும், டை என்போம், அதன் வழியாக அது சட்டமாக வெளியே வரும். உள்ளே அறை அறையாகக் குழிவான சட்டம் வேண்டுமென்றால், டையின் நடுவே ஒரு நாக்கு இருக்க வேண்டும். அந்த நாக்கு அந்தரத்தில் நிற்காது. குறுக்கே ஒரு பாலம் அதைத் தாங்கும். உலோகம் பாலத்தின் இரண்டு பக்கமும் பிரிந்து போய், நாக்கைச் சுற்றி மறுபடி ஒட்டிக்கொள்ளும்.

“பாலம் உடைஞ்சா?” என்று கேட்டாள்.

நாக்கு ஒரு பக்கம் சாயும். ஒரு சுவர் தடிக்கும், இன்னொன்று மெலியும். தடித்த பக்கம் வேகமாக வரும். சட்டம் வளையும், வளைந்து அடிக்கும். டையின் வாயருகே, நுனியைப் பிடிக்க இடுக்கியோடு மாகாளி நின்றிருந்தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

உடைந்த டையை இன்று கழற்றினார்கள். பாலம் அதன் வேரிலேயே அறுந்திருக்கிறது. மின்சாரக் காரின் பேட்டரிப் பெட்டிக்காகச் செய்த புது டை. சனிக்கிழமை தள்ளியதுதான் அதில் முதல் கட்டி.

எம்.டி. நாச்சிமுத்து கூப்பிட்டுவிட்டார். அவருக்கு மூன்று நாளிலேயே முகம் வாடியிருந்தது. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் தன்னுடையது என்று முதலில் சொன்னார். பிறகு ஹீட்டர் பதிவைக் காட்டினார். கட்டி நானூற்று எண்பது டிகிரியில் போயிருக்க வேண்டும். மாகாளி அதைவிட நாற்பது டிகிரி குறைவாகவே தள்ளச் சொல்லியிருக்கிறான். ஷிஃப்ட் பொறுப்பு அவனுடையது. ஆறிய உலோகம் கெட்டியாக இருக்கும், அழுத்தம் ஏறும், டை உடையும். “இத உங்க கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டுங்கம்மா. ஆர்டர் குடுத்த சென்னைக்காரங்க கேக்கறாங்க. ரிப்போர்ட்ல படத்தோட போகோணும்” என்றார்.

இந்த டையை நான் முன்பே ஓட்டிப் பார்த்தேனா என்றும் கேட்டார். இல்லை. அந்த மாதம் என் கணினி முழுக்க வேறு ஆர்டர்களில் இருந்தது. வரைபடம் என் மேசைக்கு வராமலே, டை வெட்டும் டூல் ரூமுக்குப் போய்விட்டது.

வரைபடத்தின் மூலையில் வரைந்தவர் பெயர் இருக்கிறது. எம். தாமோதரன். என் கணவர்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

டையின் வடிவத்தைக் கணினிக்குள் ஏற்றினேன். அதைப் பல லட்சம் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் உலோகம் எவ்வளவு வேகம், எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று கணக்கிட வைக்கும் வேலை. மாகாளி தள்ளிய அதே வெப்பநிலை, அதே வேகம் கொடுத்தேன். இரவெல்லாம் ஓடி, காலையில் நான் போகும்போது முடிந்திருந்தது.

பாதுகாப்பான இடங்கள் நீலமாகத் தெரியும். தாங்காத இடம் சிவப்பு. பாலத்தின் வேரில், உள்மூலையில், நகம் அளவுக்குச் சிவப்பு. உடைந்த துண்டை வாங்கிக்கொண்டு வந்து திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். விரிசல் அதே மூலையில்தான் தொடங்கியிருக்கிறது. கணினியின் கணக்கு சரியாக இருக்கிறது.

சரியான சூட்டிலும் ஒரு முறை ஓட்டிப் பார்ப்பதுதான் முறை. மென்பொருளுக்கு லைசென்ஸ் ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒரு கணக்குதான் ஓடும். திங்களன்று கதவுச் சட்டம் ஒன்றை முடித்துக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு பார்க்கலாம்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

காலையில் இவர் நான்கு முட்டை வாங்கி வந்து வேகவைத்துத் தரச் சொன்னார். டிபன் டப்பாவில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மதியம் தாண்டித்தான் வந்தார். டப்பாவை அவரே கழுவிக் கவிழ்த்தார்.

இவர் முட்டை சாப்பிடுவதில்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்தேன், பூரணம் கொஞ்சம் இளகிவிட்டது. இவர் இரண்டு சாப்பிட்டார். இன்றும் முட்டை வாங்கி வந்திருந்தார். சாமி கும்பிடும் நாளில் வேண்டாமே என்றேன். அவரே தனி அடுப்பில் வேகவைத்துக்கொண்டார்.

சட்டையில் மருந்து வாடை அடித்தது. தனியாக ஊறவைத்துத் துவைத்தேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

முதல் ஓட்டத்தின் படங்களை எம்.டி.யிடம் கொடுத்தேன். சூடு குறைவாக இருந்த நிலையில் பாலம் தாங்கவில்லை என்று எழுதியிருந்தேன். அதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். இது போதும் என்றார்.

மாலையில் மாகாளிக்கு மெமோ போனதாகக் கேள்விப்பட்டேன். போதிய சூடு ஏறும் முன் இயக்கியது, அபாயமான இடத்தில் நின்றது. ஒரு வாரத்தில் விளக்கம் தர வேண்டும். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேலை போகும்.

சூலூர் சந்தையில் தக்காளி, வெங்காயம், புடலங்காய்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கதவுச் சட்டம் போன வாரமே முடிந்துவிட்டது. கணினி சும்மாதான் இருந்தது. அலமாரியை ஒழுங்குபடுத்தினேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

மாகாளியின் மனைவி பூங்கொடி கேட்டுக்கு வந்திருந்தாள். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. நான்தான் வெளியே போனேன். மில் வேலைக்குப் போகிறவள், அந்த யூனிஃபார்மிலேயே வந்திருந்தாள். கையில் மெமோ. அதில் இருக்கும் தமிழ் தனக்குப் புரியவில்லை, படித்துச் சொல்ல வேண்டும் என்றாள். படித்துச் சொன்னேன்.

லாரி வந்து நின்றிருந்தது, மேலே இருந்து போனுக்கு மேல் போன் வந்தது, அதனால் கொஞ்சம் முன்னாடியே தள்ளச் சொல்லிவிட்டேன் என்று மாகாளியே அவளிடம் ஒத்துக்கொண்டானாம். தப்பு இல்லை என்று அவள் வாதாடவில்லை. அவளுக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்.

“சூடு கம்மிதானுங்க மேடம், அவரே சொல்றாரு. ஆனா சரியா சூடேத்தித் தள்ளியிருந்தா உடைஞ்சிருக்காதுங்களா? உங்களுக்குக் கம்ப்யூட்டர்ல அது தெரியுமாமே.”

தெரியும் என்றேன்.

எப்போது தெரியும் என்று கேட்டாள். பஸ் வந்துவிட்டது. கூட்டமாக இருந்தது, அவள் ஏறிவிட்டாள்.

செப்டம்பர் 7, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். வெறும் கையோடு போகக்கூடாதென்று சாத்துக்குடி வாங்கிக்கொண்டேன். தீக்காயப் பிரிவு மூன்றாவது மாடி. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் போக வேண்டும். வாசலில் இருந்த செருப்புகளில் ஒரு ஜோடி இவருடையது. இடது வார் அறுந்து, நான்தான் தைத்துக் கொடுத்திருந்தேன்.

கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்தது. மாகாளி சாய்ந்து உட்கார்ந்திருந்தான், கை முழுக்கக் கட்டு. பக்கத்தில் ஸ்டூலில் இவர். முட்டையை உரித்து, மஞ்சள் கருவைத் தனியே எடுத்துவிட்டு, வெள்ளையைப் பிட்டுப் பிட்டு அவன் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. அவன் மென்று முடிக்கும்வரை இவர் கையில் அடுத்த துண்டை வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பார்வை நேரம் முடியப் போகிறதே என்று நர்ஸிடம் நானே சொன்னேன். சாத்துக்குடியை அவளிடமே கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

மணியைப் பார்த்தபோது பார்வை நேரம் முடிய இன்னும் நிறைய இருந்தது.

செப்டம்பர் 8, திங்கள்

போனதும் முதல் வேலையாகக் கட்டியின் சூட்டை நானூற்று எண்பது என்று மாற்றினேன். வேறு எதையும் தொடவில்லை. ஓட விட்டேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

சிவப்பு.

கொஞ்சம் சிறியது. அதே மூலை, அதே பாலத்தின் வேர். சரியான சூட்டில் தள்ளியிருந்தால் முதல் கட்டியில் உடைந்திருக்காது. ஐந்தாவதிலோ பத்தாவதிலோ உடைந்திருக்கும். அப்போதும் அந்த இடத்தில் யாராவது ஒருவர் இடுக்கியோடு நின்றிருப்பார்கள்.

பாலம் மெலிது. வேரில் கொடுத்திருக்க வேண்டிய வளைவு கிட்டத்தட்ட இல்லை. கணினியில் துண்டுகளை இன்னும் பொடியாக வெட்டி மறுபடி ஓட்டினேன். மாறவில்லை.

மாலை வீட்டுக்கு வந்து காப்பி போட்டேன். இவர் டம்ளரை வாங்கிக்கொண்டதும், அச்சிட்டு எடுத்து வந்திருந்த படத்தை மேசையில் வைத்தேன். இருபது வருடமாக டை வரைகிறவர், விளக்கத் தேவையில்லை. ரொம்ப நேரம் பார்த்தார்.

“இது சரியான சூட்டுலயா?”

ஆமாம் என்றேன்.

தலையை ஆட்டினார். தனக்குத் தெரியும் என்றார். பிரஸ் வாயைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் வேகம் போதாது என்று பழைய டையைக் குறை சொன்னார்கள். வழியை அகலப்படுத்தினால் உலோகம் வேகமாக வரும், அதற்காகப் பாலத்தைக் குறைத்தார். தாங்கும் என்று நினைத்தார். என்னிடம் அனுப்பினால் வரிசையில் நிற்க வேண்டும், தேதி தள்ளிப்போகும், அதனால் அனுப்பவில்லை. விபத்து நடந்த மூன்றாம் நாளே ஆஸ்பத்திரியில் மாகாளியிடம் இதையெல்லாம் சொல்லிவிட்டாராம்.

“அவன் என்ன சொன்னான்?” என்று கேட்டேன்.

“ஒண்ணும் சொல்லல. ஒரு வாரம் எங்கூடப் பேசவே இல்ல. முட்டைய மட்டும் வாங்கிக்கிட்டான்.”

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்க வாய் வந்தது. நான் கேட்கும் முன்பே அவர் சொன்னார். “உங்கிட்ட சொல்லியிருந்தா நீ ரெண்டாவது தடவை ஓட்டறதா வேண்டாமான்னு யோசிப்பே, வளரு. அந்தப் பாரத்தை உன் தலையில வைக்கக் கூடாதுன்னு இருந்தேன்.”

“அதத்தாங்க நான் இத்தன நாளா யோசிச்சுட்டு இருந்தேன்” என்றேன்.

காப்பி ஆறிவிட்டது. மறுபடி சுடவைத்துக் கொடுத்தேன். இருவரும் குடித்தோம்.

செப்டம்பர் 11, வியாழன்

எம்.டி. அறையில் இரண்டு ஓட்டங்களையும் ஒரே அறிக்கையாக வைத்தேன். முதல் பக்கத்தைப் புரட்டினார், இரண்டாவதில் நின்றார். இந்தப் பக்கம் எதற்கு என்று கேட்டார். அது இல்லையென்றால் முதல் பக்கம் தவறான பொருள் தரும் என்றேன். சென்னைக்காரர்கள் போய்விட்டால் ஒரு ஷிஃப்டை மூட வேண்டிவரும், அதில் எத்தனை குடும்பம் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும் என்றார். குரல் உயரவில்லை. அவர் சொன்னதிலும் பொய் இல்லை.

அப்போது இவர் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். வருவார் என்று எனக்குத் தெரியாது. உட்காரவில்லை.

“டை நான் வரைஞ்சதுங்க. பாலத்தக் கொறச்சது நான். சூடு சரியா இருந்தாலும் அது தாங்கியிருக்காது. மாகாளி மேல போடாதீங்க.”

எம்.டி. அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். புருஷனையே எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்பது போல் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருவரையும் போகச் சொன்னார்.

படியில் இறங்கும்போது இவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அலுவலகத்தில் அப்படிப் பிடித்தது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 15, திங்கள்

அறிக்கை முழுதாகவே போயிருக்கிறது. மாகாளியின் மெமோ எச்சரிக்கையாகக் குறைக்கப்பட்டது. சம்பளம் உண்டு, வேலை உண்டு. இவரை சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். திரும்ப எடுத்தாலும் டிசைனில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இருபது வருடம் உட்கார்ந்த நாற்காலி.

சென்னைக்காரர்கள் ஆர்டரை எடுத்துக்கொண்டு போகவில்லை. மறைக்காமல் சொன்னதற்கு நன்றி என்று ஒரு மெயில். மாத முடிவுக்குள் புது டையின் கணக்கைக் காட்ட வேண்டும். வரைவது நான், ஓட்டுவதும் நான்.

ஓவியாவிடம் இவரே போனில் சொன்னார். பக்கத்து அறையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பாலத்தைத் தடிமனாக்கினேன். வேரில் நல்ல வளைவு கொடுத்தேன். சிவப்பு போய்விட்டது. ஆனால் வழி குறுகியதால் அழுத்தம் ஏறி, எங்கள் பிரஸ்ஸின் சக்தியைத் தாண்டுகிறது. வழியை ஆழமாக்கினால் நடு அறையின் சுவர் பிந்தி வருகிறது, சட்டம் அலை அலையாக நெளிகிறது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று கெடுகிறது.

முன்பெல்லாம் டையைச் செய்து, பிரஸ்ஸில் போட்டு, கோணலாக வந்தால் தேய்த்து, மறுபடி போட்டுப் பார்ப்பார்கள். இப்போது அந்தக் கோணலெல்லாம் என் திரையிலேயே வந்துவிட்டுப் போகிறது. யாருக்கும் சுடுவதில்லை.

இவர் டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. சமையல் முழுக்க இப்போது இவர்தான். புளிக்குழம்பு நன்றாக வைக்கிறார். கொஞ்சம் உப்பு கூட.

செப்டம்பர் 28, ஞாயிறு

மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் எழுந்து வந்து என் பின்னால் நின்றார். உலோகம் எங்கே தேங்குகிறது என்று கேட்டார். காட்டினேன். பாலத்தின் முகம் தட்டையாக இருப்பதால் உலோகம் அதில் முட்டி நிற்கிறது, படகின் முனை போலக் கூர்மையாக்கினால் வழுக்கிப் போகுமே என்றார். எனக்கும் அதுதான் தோன்றியிருந்தது. ஆனால் முனையைச் சீவினால் பாலம் மறுபடி மெலியுமே என்று விட்டிருந்தேன். எவ்வளவு சீவலாம் என்பதை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார்.

சொல்லிவிட்டு, கீரையை மறந்து, அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்டோபர் 2, வியாழன்

ஆயுத பூஜை நேற்று முடிந்தது. பிரஸ்ஸுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டிருந்தார்கள். உடைந்த டை இருந்த மூலையில் யாரும் பொட்டு வைக்கவில்லை.

இன்று விடுமுறை. நாங்கள் இருவரும் பள்ளபாளையத்தில் மாகாளி வீட்டுக்குப் போனோம். கட்டுப் பிரித்துவிட்டார்கள். இறுக்கமான துணி உறை போட்டிருக்கிறான். சுண்டு விரலும் அதற்கடுத்ததும் மடங்கவில்லை. டாக்டர் மடங்கும் என்று சொல்லவில்லை, மடங்காது என்றும் சொல்லவில்லை. பூங்கொடி சுண்டலும் டீயும் கொடுத்தாள். என்னோடு அதிகம் பேசவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு நான் தாமதமாகத்தான் பதில் சொன்னேன், அவளுக்கு அது தெரியும்.

புது டையின் படங்களை மடிக்கணினியில் காட்டினேன். இப்போது சிவப்பு எங்கும் இல்லை. சட்டத்தின் எல்லாச் சுவர்களும் ஒரே வேகத்தில் வெளியே வருகின்றன. மாகாளி அந்த ஓட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தான். பிறகு திரையின் ஓரத்தைத் தொட்டான். சட்டம் அங்கே முடிந்துவிடுகிறது.

“இதுக்கு அப்புறம் எங்கீங்க மேடம்?”

இதுவரைதான் கணக்குப் போடுவோம் என்றேன். டையின் வாயிலிருந்து ஒரு சாண்.

“அப்ப நான் நின்ன எடம் இதுல இல்லீங்களா?”

இல்லை என்றேன்.

அவன் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் சுண்டல் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். பதினோரு வருடமாக நான் வரைந்த எந்த மாதிரியிலும் ஆள் நின்றதில்லை.

அக்டோபர் 9, வியாழன்

டையின் கணக்கு சென்னையில் ஒப்புதல் ஆகிவிட்டது. டூல் ரூமில் எஃகு வெட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இன்னொரு கணக்கும் போட்டேன். யாரும் கேட்கவில்லை. பாலம் உடைந்தே போனால் சட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் வீசும் என்பதைத் தரையின் வரைபடத்தில் குறித்தேன். மாகாளி நின்ற இடம் அதன் நடுவில் வருகிறது. அந்த வட்டத்துக்குள் ஆள் நிற்கக் கூடாது, நுனியைப் பிடிக்க இயந்திரக் கை வேண்டும், சுற்றிக் கம்பி வலை வேண்டும். எம்.டி.யிடம் கொடுத்தேன். இயந்திரக் கைக்கு எவ்வளவு ஆகும் என்று முனகினார். பிறகு நானும் வருகிறேன் என்று எழுந்து, என்னோடு பிரஸ் வரை நடந்து வந்தார். அந்த இடத்தில் நின்று பார்த்தார். வாங்கிவிடலாம் என்றார்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. ஓவியா வந்திருந்தாள். எண்ணெய்க் குளியல், இட்லி, அதிரசம். இவர் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன் என்று காலியான லேஅவுட்டுக்குக் கூட்டிப் போனார். திரும்பி வரும்போது இருவரும் சிரித்துக்கொண்டு வந்தார்கள். மறுபடி எந்த வேலைக்குப் போவதென்று அவர் இன்னும் சொல்லவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

இன்று புது டை பிரஸ்ஸில் ஏறியது.

மாகாளி இந்தத் திங்களிலிருந்து வேலைக்கு வந்துகொண்டிருக்கிறான். பிரஸ்ஸில் இல்லை, இன்ஸ்பெக்‌ஷனில். சட்டங்களை அளந்து பார்க்கும் வேலை. இடது கையால் அளவுகோலைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். சோதனை ஓட்டத்துக்கு அவன் வரவேண்டியதில்லை என்று எம்.டி. சொல்லியிருந்தார். அவன் வந்தான். காலையில் இவருக்கும் அவனே போன் செய்து, சார் நீங்களும் வாங்க என்று கூப்பிட்டிருக்கிறான். செக்யூரிட்டி யோசித்தபோது, எம்.டி. மாடியிலிருந்து விடச் சொன்னாராம்.

ஹீட்டர் நானூற்று எண்பதைத் தொடும்வரை காத்திருந்தோம். யாரும் அவசரப்படுத்தவில்லை. லாரி எதுவும் நிற்கவில்லை. எல்லோரும் வலைக்குப் பின்னால் நின்றோம். தள்ள அனுமதிக்கும் தாளில் இன்று என் கையெழுத்து. போடும்போது எழுத்து கோணிவிட்டது.

பிரஸ் இரைந்தது. அழுத்தக் காட்டி ஏறியது. நான் கணக்கிட்ட அளவைத் தொட்டு, அதைக் கொஞ்சம் தாண்டி, நின்றது. பிறகு டையின் வாயில் வெள்ளியாக ஒரு நுனி தெரிந்தது. இயந்திரக் கை அதைக் கவ்விக்கொண்டது. சட்டம் நேராக வந்தது. மேசை நீளத்துக்கும் வந்துகொண்டே இருந்தது.

யாரும் கைதட்டவில்லை. நாங்கள் எல்லோரும் அலுமினியத்தைப் பார்த்தோம். இவர் மட்டும் அதைப் பார்க்கவில்லை. மாகாளி அன்று நின்ற இடத்தில், தரையில் போட்டிருந்த மஞ்சள் வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துண்டு வெட்டி ஆறவைத்து மாகாளியிடம் கொடுத்தார்கள். அவன் நிதானமாக ஒவ்வொரு சுவரையும் அளந்தான். எல்லாம் அளவுக்குள் இருந்தது. ஒரு சுவர் மட்டும் நான் எதிர்பார்த்ததைவிட மெலிது, ஆனாலும் அளவுக்குள். எம்.டி. முதுகை நிமிர்த்தினார். மாகாளி துண்டை மேசையில் வைத்துவிட்டு, “இன்னும் பத்து தள்ளிப் பாத்துருலாமுங்க” என்றான்.

பத்தும் தள்ளினார்கள். மதியச் சாப்பாடு தள்ளிப்போனது. ஒருவரும் நகரவில்லை. பத்தாவதும் நேராகத்தான் வந்தது. டையைக் கழற்றி, ஆறியதும் பாலத்தின் வேரை நானே விளக்கடித்துப் பார்த்தேன். விரிசல் இல்லை. பிறகு இவரிடம் விளக்கைக் கொடுத்தேன். அவரும் பார்த்தார். விளக்கை அணைத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வந்தோம். மாகாளி பஸ்ஸுக்காக நடக்கத் தொடங்கினான். இவர் பைக்கை அவன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஏறு என்று சொன்னாரா, சும்மா நின்றாரா, எனக்குக் கேட்கவில்லை. மாகாளி கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தான். பிறகு ஏறி உட்கார்ந்தான். வலது கையால் பிடிக்க முடியாது. இடது கையை இவர் தோளில் வைத்துக்கொண்டான்.

நான் கம்பெனி பஸ்ஸில் வருவதாகக் கைகாட்டினேன். இவர் ரொம்ப மெதுவாகத்தான் ஓட்டினார். சாலை அங்கே நேர் சாலை. பஸ் வரும்வரை இருவரும் என் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தார்கள்.